வீடு மாற மறுத்தவள்

ஜோன் கார்பென்ரர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 'ஹலோவீன்' படம். அது 1978 ஒக்ரோபர் 25ஆம் திகதி திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 29ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி அவருடைய இன்னொரு படத்தை ஒளிபரப்பியது. 'சம்வன்ஸ் வொச்சிங் மீ' என்பது அதன் பெயர். யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவரும் இயக்கியவரும் கார்பென்ரர்தான். 'ஹலோவீ'னுக்குச் சற்று முன்னர் எடுத்து முடிக்கப்பட்ட படம் இது. 2007இல் டிவிடியாக வரும்வரை, கார்பென்ரரின் ரசிகர்களே தேடித் திரிய வேண்டியிருந்த படம்.

தேடியவர்களும் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகவே தேடினார்கள்: 'ஹலோவீ'னின் கமெரா அசைவுகள் இதில் எங்கெங்கே முளைவிட்டிருக்கின்றன என்று பார்க்க. முளைவிட்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால் இந்தப் படத்தை அதன் தம்பிப் படத்துக்கு ஒத்திகையாக மட்டும் வைத்துப் பார்ப்பது அநியாயம். 'ஹலோவீ'னில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. தன் வீட்டுக்குள் பயமுறுத்தப்படும் ஒருத்தியிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியை இது ஒன்றரை மணித்தியாலம் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'நீ ஏன் வீட்டை மாற்றிக்கொண்டு போகக் கூடாது?'

தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட படங்களுக்கு மரியாதை கிடைப்பதில்லை. இந்த வகையில் முதலாவது எனச் சொல்லப்படும் 'சீ ஹவ் தே ரன்' 1964இல் வந்தது. எழுபதுகளில் வாரத்துக்கு வாரம் புதுப்படம் என்றாகிவிட்டது. குறைந்த செலவு, குறைந்த நாட்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சவர்க்கார விளம்பரம். விளம்பரம் முடியும்வரை பார்வையாளர் எழுந்து போகாமலிருக்க, ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னர் ஒரு அலறலோ தொலைபேசி மணியோ வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளிருந்துதான் 1971இல் ஸ்பில்பேர்க் 'டூவல்' என்ற லொறிப் படத்தை எடுத்தார். ஆனால் லொறிகளையும் பாலைவன வீதிகளையும்விட மலிவானது ஒரு வீடு. ஒரு வீடு, அதற்குள் ஒரு பெண், வெளியே யாரோ. படம் தயார்.

அந்த வீடு பெரும்பாலும் பணக்கார வீடாகவே இருக்கும். காட்டுவதற்கு அழகு, நடப்பதற்கு நீண்ட நடைவழிகள், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அயலவர்கள். அதோடு பணம் இருந்தால் அதன்மேல் யாராவது கண் வைத்திருப்பார்கள். கதைக்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. ஹொலிவூட் கைவிட்ட பழைய நடிகைகளுக்கும் இந்த வீடுகளில் வேலை கிடைத்தது. 1972இல் வந்த 'த ஸ்க்ரீமிங் வுமன்' படத்தில் ஒலிவியா டி ஹவிலண்ட் மனநலச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சீமாட்டியாக வருகிறார். நிலத்துக்கடியிலிருந்து ஒரு பெண் கத்துவது அவருக்குக் கேட்கிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரே பிராட்பரியின் மூலக்கதையில் இந்தக் குரலைக் கேட்பவள் ஒரு சிறுமி. தொலைக்காட்சி அவளைச் சொத்துள்ள முதிய பெண்ணாக மாற்றியது. இரண்டு பேருடைய சொல்லுக்கும் வீட்டிலே ஒரே பெறுமதிதான் என்று படமெடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். லூசில் ஃபிளெச்சர் 1943இல் வானொலிக்கு எழுதிய 'ஸொறி, றோங் நம்பர்' நாடகத்தில் வரும் நோயாளிச் சீமாட்டி அவள். தொலைபேசியில் இணைப்புகள் தவறுதலாகக் கலந்துவிட, இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. கொல்லப்படப் போகிறவள் தானேதான் என்பது கடைசியில்தான் அவளுக்குப் புரிகிறது. 1948இல் பார்பரா ஸ்ரான்விக் நடிக்க இது சினிமாவாகவும் வந்தது. அந்தப் பெண்ணின் செல்வம் கட்டிலைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது: பட்டுத் தலையணை, மருந்துப் போத்தல்கள், கைக்கெட்டும் தூரத்தில் தொலைபேசி. தந்தையின் பணம் அது. அந்தப் பணத்துக்காகத்தான் கணவனும் வந்தான். அவளுக்கு எழுந்து ஓட முடியாது. கதை அவளை ஓடவிடவும் இல்லை. இன்னும் சங்கடமான விஷயம், அவளை அதிகாரம் செய்பவளாகவும் சிடுசிடுப்பவளாகவும் காட்டி, அவள் சாவை ஓரளவு அவள் தேடிக்கொண்டதுபோல நம்மை உணரவைப்பது. அருமையான நாடகம்தான். ஆனாலும் அந்தக் கசப்பு நாக்கிலே நிற்கிறது.

கார்பென்ரரின் கதாநாயகி லீ மைக்கல்ஸ் இந்தப் பரம்பரையிலிருந்து வந்தவள். ஆனால் வேறு ஆள். லோறன் ஹற்றன் நடித்திருக்கிறார். லீயின் பணம் தகப்பன் வைத்துப் போனதில்லை, கணவன் தந்ததுமில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் நேரடி ஒளிபரப்பு இயக்குநராக வேலை செய்கிறாள். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குப் புதிதாக வந்து, ஆர்க்கம் ரவர் என்ற உயரமான தொடர்மாடியில் விலையான வீடொன்றை எடுக்கிறாள். (ஆர்க்கம் என்பது திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் கற்பனையில் கட்டிய ஊரின் பெயர். கார்பென்ரர் இப்படிச் சில குறும்புகளைச் செய்வார்.) அவள் பகிடி விடுவாள், தனக்குத்தானே கதைப்பாள். பாரிலே தனக்குப் பிடித்த ஆணிடம் தானாகவே போய்ப் பேசுவாள். அலுவலகத்தில் தொந்தரவு செய்கிற சக ஊழியனை ஒரு சொல்லில் நிறுத்தி வைப்பாள். 1978இன் தொலைக்காட்சிக்கு இது சாதாரண விஷயமில்லை.

அந்த வீட்டைக் கவனித்துப் பாருங்கள். நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி. நகரம் முழுவதும் கண்முன் விரிகிறது. வாடகையின் பெரும்பகுதி அந்தக் காட்சிக்குத்தான். வெளிச்சம், பூட்டு, கதவு எல்லாவற்றுக்கும் நவீன இயந்திர வசதி. கள்வரும் தெருவும் எட்டாத உயரம். பணம் கொடுத்து வாங்கக்கூடிய பாதுகாப்பு எல்லாம் அங்கே இருக்கிறது. எதிரே அதே உயரத்தில் இன்னொரு தொடர்மாடி. அங்கிருந்து ஒருவன் தொலைநோக்கியால் பார்க்கிறான். இவள் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு வசதியும் அவன் கைக்கருவியாக மாறுகிறது. கண்ணாடி அவனுக்குத் திரை. தொலைபேசி அவனுக்குக் கதவு. வீட்டின் மின்விளக்குகள் அவன் நினைத்தபோது மங்குகின்றன. அவள் கதைப்பது அவனுக்குக் கேட்கிறது. கீழே ஒரு குடிசையில் இருந்திருந்தால் இவனுக்கு இவ்வளவு இலேசாக இருந்திருக்காது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலர் புலம்பெயர்ந்த முதல் ஆண்டுகளைத் தொடர்மாடிகளில்தான் கழித்தோம். ரொறன்ரோவின் சென். ஜேம்ஸ் ரவுணில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில், யார் வீட்டில் என்ன கறி, யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் லிஃப்ற்றுக்குள்ளேயே தெரிந்துவிடும். அந்தக் கண்களை நாம் எரிச்சலோடு சகித்தோம். லீயின் தொடர்மாடியில் அந்தக் கண்கள் இல்லை. நடைவழியில் கம்பளம் இருக்கிறது, ஆள் இல்லை. அவளுடைய கதவைத் தட்டி, இரண்டு நாளாக உன்னைக் காணவில்லையே என்று கேட்க ஒருவருமில்லை. அவளைப் பார்ப்பதற்கு அந்த ஒருவன் மட்டுமே இருக்கிறான். கார்பென்ரர் வெறுமையான நடைவழிகளை நீளமாக, ஒருவரையும் நடக்க விடாமல் காட்டுகிறார். பயம் அந்த வெறுமையிலிருந்துதான் வருகிறது.

அவன் செய்வது என்ன? தொலைபேசி எடுக்கிறான். பரிசுகள் அனுப்புகிறான். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பெயரில் கடிதங்கள் வருகின்றன, பயணம் ஒன்றை வெல்லலாம் என்று ஆசை காட்டிக்கொண்டு. ஒரு நாள் தொலைநோக்கியே பரிசாக வந்து சேர்கிறது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் ஒன்றுமில்லை. ஏன், எங்கள் தமிழ்ச் சினிமாவில் கதாநாயகன் கதாநாயகியின் வீட்டு வாசலில் நிற்பதும், இலக்கத்தைத் தேடிப் பிடித்துத் தொலைபேசி எடுப்பதும், வேண்டாமென்றாலும் பரிசு அனுப்புவதும் பாட்டுக்கு முந்திய காட்சிகள். நாமும் அவற்றைச் சிரித்துக்கொண்டுதானே பார்த்தோம். கார்பென்ரர் அதே செயல்களை, ஒன்றையும் கூட்டாமல், வாங்குகிறவளின் பக்கத்தில் நின்று காட்டுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

லீ பொலிசுக்குப் போகிறாள். சாள்ஸ் சைஃபர்ஸ் நடித்திருக்கும் துப்பறியும் அதிகாரி கெட்டவரில்லை, முட்டாளுமில்லை. பொறுமையாகக் கேட்கிறார். அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, ஏதாவது செய்தால்தானே நாங்கள் எதையாவது செய்யலாம் என்பது அவர் நிலை. படத்தில் வருகிற மிகப் பயங்கரமான காட்சி எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நியாயமான மனிதர்கள். நடுவில் பெயர் இல்லாத ஒரு குற்றம்.

பெயர் இல்லை என்பதைச் சொல்லளவில் எடுத்துக்கொள்ளலாம். 1978இல் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் இருக்கவில்லை. முதல் சட்டத்தைக் கலிபோர்னியா 1990இல்தான் நிறைவேற்றியது. அதற்கு முந்திய ஆண்டு, 1989 ஜூலை 18ஆம் திகதி, றெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகை லொஸ் ஏஞ்சல்சில் தன் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கொன்றவன் நீண்ட காலமாக அவருக்குக் கடிதம் எழுதிவந்த ரசிகன். ஒரு தனியார் துப்பறிவாளரைப் பிடித்து, வாகனப் பதிவுத் திணைக்களத்தின் ஏடுகளிலிருந்து முகவரியைப் பெற்றிருக்கிறான். முகவரி காசுக்குக் கிடைத்தது. இதன் பிறகுதான் அந்தப் பதிவுகளை மூடும் கூட்டாட்சிச் சட்டமும் 1994இல் வந்தது. கனடா 1993இல் தன் குற்றவியல் கோவையில் இதற்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தது. பிரித்தானியாவில் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 1997இல் வந்தது. ஆனால் பின்தொடர்தலைப் பெயர் சொல்லிக் குற்றமாக்க இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2012வரை தேவைப்பட்டது. ஆகவே அந்தத் துப்பறியும் அதிகாரி பொய் சொல்லவில்லை. ஒரு பொழுதுபோக்குப் படம், சட்டத்தில் இருந்த ஓட்டையை, சட்டமன்றம் காண்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டுக் கூடங்களுக்குக் காட்டியிருக்கிறது.

சட்டம் கையை விரித்தபின் மிஞ்சுவது அந்தக் கேள்வி: வேறு இடத்துக்குப் போனால் என்ன? அன்போடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அலுத்துப்போய்க் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். லீ மறுக்கிறாள். இது தன் வீடு, தான் ஏன் போக வேண்டும் என்கிறாள். சில விமர்சகர்கள் இதைக் கதைக்கு வசதியான பிடிவாதம் என்று எழுதியிருக்கக்கூடும். போய்விட்டால் படம் முடிந்துவிடுமே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஏற்கெனவே ஓர் ஊரை விட்டு வந்தவள். பெட்டிகளை இன்னும் முழுதாகப் பிரித்து முடிக்காத வீடு அது. மறுபடி பெட்டி கட்டினால், அடுத்த வீட்டின் இலக்கமும் அவனுக்குக் கிடைக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர். அவ்வளவு பிரச்சினை என்றால் முதலே வந்திருக்கலாமே என்று கேட்டவர்கள், வந்தபின் அங்கேயே நின்றிருக்கலாமே என்று கேட்டவர்கள். கேட்கிறவர் எப்போதும் தன் வீட்டில் இருந்துகொண்டுதான் கேட்கிறார். ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்க நான் விரும்பவில்லை. லீக்கு வேலை இருக்கிறது, பணம் இருக்கிறது, கடவுச்சீட்டைப் பற்றிய கவலை இல்லை. ஷெல்லுக்குப் பயந்து வீட்டை விட்டவரோடு அவளை ஒரே வரிசையில் நிறுத்துவது இரண்டு பேருக்கும் அவமரியாதை. ஆனாலும் அவள் அந்தப் பதிலைச் சொல்லும்போது லோறன் ஹற்றனின் குரலில் வீரமில்லை, களைப்பு இருக்கிறது. அந்தக் களைப்பை நாம் அறிவோம்.

அலட்சியமாக எடுத்த படமில்லை இது. தலைப்பு ஓடும்போது கோடுகள் குறுக்கும் நெடுக்கும் நகர்ந்து கட்டடத்தின் முகப்பாக மாறுவதிலேயே ஹிட்ச்கொக்குக்கு ஒரு வணக்கம் இருக்கிறது. பெரிய வணக்கம் கதையிலேயே இருக்கிறது. 1954இல் வந்த 'றியர் விண்டோ'வில் கால் முறிந்த ஒருவன் தன் யன்னலிலிருந்து எதிர்வீட்டாரைப் பார்க்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து பார்க்கிறோம். அங்கே பார்ப்பவனின் பயம்தான் கதை. கார்பென்ரர் கமெராவை எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பார்க்கப்படுகிறவளின் அறைக்குள் நாம் இருக்கிறோம். இதில் இன்னொரு முடிச்சு, அவள் தொழிலே பார்ப்பதுதான். கட்டுப்பாட்டு அறையில் பல திரைகளுக்கு முன்னால் அமர்ந்து, எந்தக் கமெராவின் படம் போக வேண்டும் என்று கட்டளையிடுகிறவள். பகலில் எல்லாத் திரைகளும் அவள் கையில். இரவில் அவளே ஒரு திரை. படம் இதைப் பற்றி எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. அவளை வேலைக்கும் வீட்டுக்குமாக மாறி மாறிக் காட்டுவதோடு விட்டுவிடுகிறது.

ஓர் இடத்தில் கீழ்த்தளத்தில் தரையிலிருக்கும் கம்பி வலைக்கு அடியில் அவள் ஒளிந்து கிடக்கிறாள். மேலே ஒரு ஆண் வந்து நிற்கிறான். முகம் இல்லை. மேகங்களுக்குச் சமமாகக் குடியிருந்தவள் இப்போது இன்னொருவனின் சப்பாத்துக்குக் கீழே. வசனமில்லாத அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அதைவிட என்னை அலைக்கழித்தது சிறிய விஷயம். தனியே வாழ்கிறவள் என்பதால் அவள் தன்னோடு கதைப்பாள் என்றேனல்லவா. சமைக்கும்போது, நடக்கும்போது, பயத்தை விரட்டுவதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அவன் ஒட்டுக்கேட்கிறான் என்பது தெரிந்தபின் அந்தப் பேச்சையும் அவன் தொட்டுவிட்டான் என்று ஆகிறது.

குறைகள் இல்லாமலில்லை. டேவிட் பர்னி நடித்த காதலன் போல், தத்துவப் பேராசிரியர். நல்ல மனிதர், அவ்வளவுதான். அவர் வந்துபோகும் காட்சிகளில் படத்துக்கு மூச்சு வாங்குகிறது. வழக்கமாகத் தன் படங்களுக்குத் தானே இசையமைக்கும் கார்பென்ரருக்கு இங்கே அந்த வாய்ப்பு இல்லை. ஹாரி சுக்மனின் இசை திறமையானதுதான். ஆனால் 'ஹலோவீ'னின் இரண்டு விரல் பியானோவைக் கேட்டவர்களுக்கு இது தேவைக்கு மேல் கதைக்கிறது. விளம்பர இடைவெளிகள் இல்லாத டிவிடியில் பார்க்கும்போது, இடைவெளிக்காகவே வைத்த திடுக்கிடல்கள் முழங்கையால் இடிக்கின்றன. கடைசியில் அவனுக்கு முகம் கொடுத்ததும் பயம் குறைகிறது. ஒரு நடுவயதுச் சாதாரண ஆள். காரணம் ஒன்றும் சொல்லாமல் விட்டது நல்லது. ஆனால் குரலாக இருந்தபோது அவன் அந்த நகரம் முழுவதுமாக இருந்தான். ஆளாக வந்ததும் ஒரு மல்யுத்தம், உடைந்த கண்ணாடி, உயரத்திலிருந்து ஒரு விழுகை. அவளைக் காட்டிக்கொடுத்த அதே கண்ணாடியின் துண்டுதான் அவளைக் காப்பாற்றுகிறது என்பதை மட்டும் நான் ரசித்தேன்.

என் பெரிய முறைப்பாடு சோபியைப் பற்றியது. லீயின் சக ஊழியை சோபியாக ஏட்ரியன் பார்போ நடித்திருக்கிறார். இந்தப் படப்பிடிப்பில்தான் கார்பென்ரரும் அவரும் சந்தித்தார்கள். 1979இல் மணம் முடித்தார்கள். சோபி தான் பெண்களை விரும்புபவள் என்பதைச் சாதாரணமாக, தேநீர் வேண்டுமா என்று கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறாள். யாரும் அதிர்ச்சியடைவதில்லை. படம் அவளை விசித்திரமாகவும் காட்டவில்லை, திருத்தவும் முயலவில்லை. அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் இது மிக அரிது. முதலிலிருந்தே லீயை நம்புகிறவளும் அவள்தான். லீ துணிந்து எதிர்க்கட்டடத்துக்குப் போகும்போது சோபி லீயின் வீட்டில் இருக்கிறாள். அவனுடைய அறைக்குள் நுழைந்து அவனுடைய தொலைநோக்கியில் கண்ணை வைக்கும் லீ, தன் சொந்த வீட்டுக்குள் சோபி தாக்கப்படுவதைப் பார்க்கிறாள். கத்தினாலும் கேட்காத தூரம். இதுவரை பார்க்கப்பட்டவள் பார்ப்பவளின் இடத்துக்கு வந்த அந்த நிமிடத்தில், பார்ப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று அறிகிறாள். படத்தின் உச்சம் இதுதான். கடைசிச் சண்டை இல்லை.

அதற்காகச் சோபி சாக வேண்டியிருந்தது. கதாநாயகியின் தோழி, அதுவும் வழமைக்கு மாறானவள், நடுவழியில் பலியாவது அப்போதே பழைய சூத்திரம். இவ்வளவு தெளிவாக ஒரு பெண்ணை எழுதியவர் அந்தச் சூத்திரத்துக்குக் கைகொடுத்திருக்கத் தேவையில்லை. கொடுத்தபின்னாவது அவளுக்காகக் கொஞ்சம் நின்றிருக்கலாம். கடைசி நிமிடங்கள் முழுவதையும் படம் லீக்கும் அந்த மனிதனுக்குமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.